ஒரு படகு அளவு இடைவெளி

மார்சஷ்லொக், மால்டா
21 செப்டம்பர் 1979

எட்கார் மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் விஸ்தின் சொல்லச் சொல்ல, உங்கள் மனைவி டோரிஸ் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் சொன்னது மறக்காது. அதனால் ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஸாரெனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் மைத்துனன், எனக்கிருக்கும் ஒரே மகன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவன் மிதவைகளைப் பார்க்கப் போனான். தக்கைப் பலகை, மேலே பேரீச்ச ஓலை, அடியில் கயிறும் கல்லும். அந்த நிழலுக்குத்தானே லம்புகி மீன் வந்து சேர்கிறது. உங்களுக்கும் தெரியும், கல்யாணத்துக்கு முன் ஒருநாள் என்னோடு வந்து அந்த ஓலை மேலேயே வாந்தி எடுத்தீர்கள்.

சிசிலியிலிருந்து வந்த ஓர் இழுவைப் படகு நம் மீன்பிடிக் கோட்டுக்குள் புகுந்து அவன் மிதவைகளை வலையோடு வாரி இழுத்துக்கொண்டிருந்தது. கத்திப் பார்த்திருக்கிறான். அவர்கள் சிரித்தார்களாம். இவன் பக்கத்தில் போய்த் தன் கயிறு சிக்கியிருந்த இடத்தில் அவர்கள் வலையை அறுத்துவிட்டான். சற்று நேரத்தில் அவர்களுடைய காவல் படகு வந்து, ஸாரெனையும் அவன் படகையும் கட்டி இழுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டது. அடுத்த கோட்டில் இருந்த பாவ்லு, அதுதான் என் தங்கை மகன், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருக்கிறான்.

வலையை அறுத்தது உண்மை. அதை மறைக்கச் சொல்லவில்லை. அறுக்காமல் இருந்தால் அவன் என் மகன் இல்லை. பிடித்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ அந்த நாட்டின் தலைநகரத்தில், நம் தூதரகத்தில், நாற்காலி போட்டு உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். எழுந்து போய் அவர்கள் கதவைத் தட்டுங்கள். வேறென்ன சொல்ல.

விஸ்தின்

(அப்பா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இது அவர் சொல்லாதது. டோ.)


ரோம்
28 செப்டம்பர் 1979

அன்பும் மதிப்பும் உள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே தூதரிடம் சொன்னேன். அவர் நம் தலைநகருக்குத் தந்தி அடித்தார். ஸாரென் நலமாக இருக்கிறான் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டோம். சிசிலியில் ஒரு துறைமுகக் காவல் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். அடிக்கவில்லை. வலைக்காரர் புகார் கொடுத்திருப்பதால் விசாரணை நடக்கும் என்கிறார்கள்.

இனி நான் எழுதுவதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். மார்ச்சில் கடைசி ஆங்கிலேயப் போர்க்கப்பல் நம் துறைமுகத்தை விட்டுப் போனதை நீங்களும் கரையில் நின்று பார்த்தீர்கள். இனி நம்மிடம் சொல்லும்படி படை இல்லை, காவலுக்கு யாரும் இல்லை. எந்தப் பக்கமும் சேராத நாடு என்று நாமாகச் சொல்லிக்கொண்டால் போதாது. சுற்றியிருப்பவர்கள் அதை மதிப்போம் என்று எழுதித் தர வேண்டும். அதில் வடக்கே இருப்பவர்களின் கையெழுத்துதான் முதலில் வர வேண்டும். அதற்கடுத்து, உங்கள் வளைகுடாவில் புதிய துறைமுகம் கட்ட அவர்களுடைய உதவி. மீன்பிடி எல்லை மூன்றாவது. அமைச்சகம் வைத்திருக்கும் வரிசை இது. பேச்சு இப்போது முதல் விஷயத்தில், மிக மெல்லிய இடத்தில் நிற்கிறது.

ஆகவே இந்த விஷயம் பத்திரிகைக்குப் போக வேண்டாம். சத்தமில்லாமல் இருந்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள்.

உங்கள்
எட்கார்


மார்சஷ்லொக்
4 அக்டோபர் 1979

எட்கார் மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை டோரிஸ் வாசித்தாள். நல்ல கடிதம். சட்டசபையில் வாசித்தால் கைதட்டுவார்கள்.

உங்கள் வரிசையில் ஒரு சந்தேகம். ஸாரென் மூன்றாவதில் மீனோடு சேர்ந்து வருகிறானா, மீனுக்கும் கீழே வருகிறானா?

எங்களுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஆகஸ்டில் தொப்பிக்குள் கைவிட்டு அவனவன் சீட்டை எடுக்கிறோம். எந்தக் கோடு விழுந்ததோ அதுதான் அந்த வருஷத்துக்கு அவன் கடல். சின்னவன், பெரியவன், பாதிரியாரின் தம்பி, யாராக இருந்தாலும் சரி. கோட்டுக்காரன் கரையில் இல்லை என்றால் அவன் கோட்டில் வேறு ஒருவரும் வலை போடுவதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் சிறையில் கிடந்தாலும் அதுதான் வழக்கம். ஸாரெனின் கோடு இன்று காலியாக இருக்கிறது. மிச்சமிருக்கும் மிதவைகளுக்கு அடியில் மீன் கொழுத்துத் திரிகிறது. போகிறவன் வருகிறவன் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருவன் தூண்டில்கூட நனைக்கவில்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம் வாடைப் புயலில் ஒரு சிசிலிப் படகு நம் பாறையில் வந்து மோதியது. படகுக்காரன் பெயர் துரி. இடது காதில் பாதி இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால்தான் அந்தப் பக்கத்திலிருந்து விமானம் வந்து என் அண்ணன் வீட்டைத் தரைமட்டமாக்கியிருந்தது. ஆனாலும் துரி என் வீட்டில்தான் படுத்தான், என் மனைவி வைத்த மீன் சாறைத்தான் குடித்தான். படகைச் செப்பனிட்டு அனுப்பினோம். அப்போது எந்த அமைச்சகமும் எங்களைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் எல்லோரும் கூடினார்கள். நவம்பர் தொடக்கத்தில் ரோமிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார், நம் வளைகுடாவைப் படகில் சுற்றிப் பார்ப்பார், மீனவர்கள் படகுகளை அலங்கரித்து இரண்டு பக்கமும் நிற்க வேண்டும் என்று கிராமக் காவலர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் பாவ்லு எழுந்து நின்றான்.

"நிக்கலாமே. ரெண்டு பக்கமும் எதுக்கு, குறுக்கால நிக்கலாம். வளைகுடா வாயில படகுக்குப் படகு கயிறு கட்டி, மிதவைக் கல்லை எல்லாம் இறக்கிடுவோம். அந்தாளு உள்ள வர முடியாது. வந்துட்டா வெளிய போக முடியாது."

"போலீஸ் வருமேடா."

"வரட்டும். நீந்தத் தெரிஞ்ச போலீஸ் எத்தனை பேருன்னு எண்ணிப் பாப்போம்." பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, உங்க மாப்பிள்ளை ரோம்ல கைக்குட்டை மடிச்சிட்டு இருக்காரு. நாம இங்க கயிறு மடிப்போமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, மறுத்துப் பேசவும் இல்லை. மறுக்க என் கையில் என்ன இருக்கிறது? நீங்கள் ஏதாவது அனுப்பினால்தானே.

விஸ்தின்

(கைக்குட்டை விஷயத்தை விட்டுவிடலாம் என்றேன். "அதுதான் முக்கியம், எழுது" என்றார். டோ.)


ரோம்
11 அக்டோபர் 1979

மாமாவுக்கு,

வளைகுடாவை அடைக்கும் யோசனையை எப்படியாவது நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நம்மைப் போன்ற ஒரு நாட்டுக்கு என்ன பலம் என்று யோசித்துப் பாருங்கள். பீரங்கி இல்லை, எண்ணெய் இல்லை. பெரியவர்களிடம் போய் ஏதோ ஒன்றைக் கேட்கலாம், அதுவும் எப்போதாவது. இன்று ஸாரெனுக்காகக் கேட்டால் அவர்கள் உடனே சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். நாளைக்கு நாட்டுக்காகக் கேட்கும்போது, "போன தடவைதான் கொடுத்தோமே" என்பார்கள். மேலே இருப்பவர்கள் பயப்படுவது அதற்குத்தான். எனக்கு இதில் உடன்பாடா என்று கேட்காதீர்கள்.

விருந்தாளி வரும்போது நாம் கயிறு கட்டினால் ஸாரென் வலை அறுத்த மீனவனாக இருக்க மாட்டான். அரசாங்க வழக்காகிவிடுவான். பிறகு அவனை விடுவது அவர்களுக்கு மானப் பிரச்சினை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி, கடல் தாண்டி, அந்தத் துறைமுகத்துக்குப் போனேன். புகையிலையும் கம்பளிக் காலுறையும் வாங்கிக்கொண்டு போனேன். இரும்பு வேலிக்கு வெளியே நின்றபோது அவன் படகு தெரிந்தது. முன்பக்கத்தில் வரைந்த கண்கள் இரண்டும் என்னையே பார்த்தன. வாசலில் பெயரும் வேலையும் எழுதச் சொன்னார்கள். தூதரகத்து ஆள் வந்ததாகப் பதிவானால் நாம் கேட்டுவிட்டதாக ஆகிவிடும். காவலாளியிடம் பையைக் கொடுத்து, "அந்த மால்டாக்காரருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவனைப் பார்க்கவில்லை.

எட்கார்


மார்சஷ்லொக்
18 அக்டோபர் 1979

மாப்பிள்ளைக்கு,

வேலிவரை போனீர்கள்.

இந்த ஒரு வரியோடு கடிதத்தை மடித்து அனுப்பச் சொன்னேன். டோரிஸ் அழுதாள். அதனால் மேலும் கொஞ்சம் சொல்கிறேன்.

படகுக் கண்கள் உங்களைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அவற்றுக்கு வர்ணம் தீட்டியவன் நான். அவை யாரையும் பார்ப்பதில்லை, கடலைத்தான் பார்க்கும். உங்களைப் பார்த்தது வேறு ஏதோ.

கயிறு கட்ட மாட்டோம். பாவ்லுவிடம் சொல்லிவிட்டேன். "பயந்துட்டீங்களா மாமா?" என்றான். "ஆமாண்டா, உன் மூளையைப் பாத்து" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வந்து வலை பின்ன உட்கார்ந்தான்.

காவலர் மறுபடியும் வந்தார். எந்தப் படகு எங்கே நிற்க வேண்டும், எது அழகான படகு, எதை முன்னால் விட வேண்டும் என்று யாரோ நகரத்தில் உட்கார்ந்து போட்ட படம் ஒன்றைக் காட்டினார். நான் சொன்னேன்: "அலங்காரம் நீங்க சொன்ன மாதிரி. வரிசை எங்க வரிசை. சீட்டு விழுந்த வரிசையிலதான் நிப்போம். இல்லைன்னா அன்னைக்கு எல்லாருக்கும் காய்ச்சல்." அவரும் இந்த ஊர்க்காரர்தான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

விஸ்தின்


ரோம்
25 அக்டோபர் 1979

மாமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். விருந்தாளியோடு நானும் வருகிறேன். மொழிபெயர்ப்புக்கு என்னை நியமித்திருக்கிறார்கள். நம் அமைச்சகச் செயலருக்கு இத்தாலிய மொழி என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் நம் மண்ணில் நம் மொழியில்தான் பேசுவேன் என்கிறார். கௌரவம். அதனால் அவருக்கும் விருந்தாளிக்கும் நடுவில் நான் நிற்பேன்.

நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று தெரியவில்லை. "வரிசை எங்க வரிசை" என்பதற்கு என்ன அர்த்தம்? ஏதாவது நடந்தால் முதலில் போவது என் வேலை. அதுகூடப் பரவாயில்லை. ஸாரென் அங்கேயே கிடப்பானே. எனக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும். ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

எட்கார்


மார்சஷ்லொக்
12 நவம்பர் 1979

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கேட்ட ஒரு வரியை நான் வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. தெரிந்தால் நீங்கள் உங்கள் செயலரிடம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் அது உங்களுக்குக் குற்றம். எதற்கு வீண் பாரம்?

மூன்றாம் தேதி நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் படகுக்கு உள்ளே இருந்தீர்கள், நான் வெளியே இருந்தேன். நான் பார்த்ததைக் கேளுங்கள்.

இரண்டு பக்கமும் நின்றோம். கொடி, காகிதப் பூ, ஊர்த் திருநாளுக்குக் கட்டும் நாடா எல்லாம் கட்டியிருந்தோம். ஒரு பக்கத்தில் பாவ்லுவின் படகுக்கும் என் படகுக்கும் நடுவில் ஒரு படகு நிற்கிற அளவுக்கு இடம் விட்டோம். ஸாரெனுக்குச் சீட்டு விழுந்த இடம் அது. அதில் அவன் மிதவை ஒன்றை நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தேன். புது ஓலை, அதில் அவன் மனைவி கட்டிய நீல நாடா. யாரும் கோஷம் போடவில்லை. பாவ்லு வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டு நின்றான், பேசிவிடக் கூடாது என்று.

உங்கள் படகு எங்களை நெருங்கியபோது வேகம் குறைந்தது. அந்தப் பெரியவர் வெயிலுக்குக் கை வைத்து அந்த இடத்தைப் பார்த்தார். ஏதோ கேட்டார். உங்கள் செயலர் உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். அவர் மறுபடி சொன்னார். பிறகு நீங்கள் விருந்தாளியிடம் திரும்பி வாயைத் திறந்தீர்கள். அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். படகு போய்விட்டது. எனக்குக் காது கேட்கும், ஆனால் எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை.

அன்று மாலை நீங்கள் வீட்டுக்கும் வராமல், கரையில் டோரிஸுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள்.

முந்தாநாள் ஸாரென் வந்துவிட்டான். அவர்கள் காவல் படகே அவனையும் படகையும் பாதிக் கடல்வரை இழுத்து வந்து விட்டுப் போயிருக்கிறது; மிச்சத் தூரம் நம் ஆட்கள் போய் இழுத்து வந்தார்கள். இளைத்திருக்கிறான். யாரோ புகையிலை கொடுத்ததாகச் சொன்னான். யாரென்று சொன்னேன்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. எட்கார் பெரியவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், தன் வேலையையும் பார்க்காமல் சொல்லிவிட்டார் என்கிறார்கள். மதுக்கடையில் உங்கள் பேரில் ஒரு கோப்பை ஊற்றி மேடையில் வைத்திருக்கிறார்கள், நீங்கள் வந்து குடிக்க. பாவ்லுதான் ஊற்றியது.

ஆனால் நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதனால் கேட்கிறேன். அந்தப் படகில் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

விஸ்தின்


ரோம்
19 நவம்பர் 1979

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

விருந்தாளி கேட்டது இதுதான்: "அங்க ஏன் இடம் விட்டிருக்காங்க?"

செயலர் நம் மொழியில் என்னிடம் சொன்னார்: "படகு பழுது பாக்கப் போயிருக்குன்னு சொல்லு."

"ஐயா, அது..."

"எட்கார். பழுது."

நான் சொன்னேன். நல்ல இத்தாலிய மொழியில், தடுமாறாமல் சொன்னேன். "ஒரு படகு பழுதில் இருக்கிறது, பெருமதிப்பிற்குரியவரே." நீங்கள் பார்த்தது நான் வாய் திறந்து அந்தப் பொய்யைச் சொன்னதைத்தான். பத்தடி தூரத்தில் நீங்கள் நின்றீர்கள்.

அவர் அந்த மிதவையைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். "பழுதுக்குப் போன படகுக்கு இவ்வளவு ஜோடனையா?" என்றார். செயலரை அல்ல, என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். மொழிபெயர்க்கவும் இல்லை. செயலர் கரையில் இருந்த தேவாலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விருந்தாளி தொப்பியைக் கழற்றினார். அவருடைய உதவியாளர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அதில் அந்தத் துறைமுகத்தின் பெயர் மட்டும் என் காதில் விழுந்தது.

அன்று இரவு விருந்தில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் வலைக்காரர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. உடன்பாட்டின் வரைவும் நல்லபடியாக நகர்கிறது. செயலருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, நாம கேக்கவே இல்லை. அவங்களா குடுத்தாங்க. நம்ம சீட்டு இன்னும் கையிலதான் இருக்கு" என்றார். அவர் கணக்கில் தப்பில்லை. ஸாரென் வந்தான், நாட்டுக்கும் நஷ்டமில்லை. அந்த இடத்தை விட்டுவைத்தது நீங்கள். அதை மூடப் பார்த்தது நான்.

ஆகவே மேடையில் இருக்கும் கோப்பையை எடுத்துக் கொட்டிவிடச் சொல்லுங்கள். ஸாரெனிடமும் சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு இங்கேயே வேலை இருக்கும் போலிருக்கிறது. டோரிஸ் விருப்பப்பட்டால் அவளை இங்கே அனுப்புங்கள். விருப்பமில்லை என்றாலும் எனக்குப் புரியும்.

எட்கார்


மார்சஷ்லொக்
27 நவம்பர் 1979

எட்கார்,

டோரிஸ் உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். முதல் முறை எனக்கு மட்டும். இரண்டாம் முறை ஸாரெனையும் உட்கார வைத்து.

ஸாரென் கேட்டான்: "பழுதுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"அவரு வாய் முகூர்த்தம்," என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

நீ படகை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாய். இப்போது வந்து பார். இழுத்த வேகத்தில் முன்பலகை பிளந்திருக்கிறது. மழைத் தண்ணீர் புகுந்து எஞ்சின் இறுகிப் போய்விட்டது. வலது கண்ணில் வர்ணம் முழுக்கச் சுரண்டப்பட்டு வெறும் மரம் தெரிகிறது. கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். மூன்றாம் தேதி நீ சொன்னது பொய். இன்றைக்கு அது உண்மையாகிக் கிடக்கிறது. உன் செயலரிடம் சொல், சந்தோஷப்படுவார்.

மதுக்கடைக்கு நானே போய், நீ எழுதியதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பாவ்லு மேடைக்குப் போய் உன் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். "காடியா ஆகிப்போச்சு. இதைக் குடிச்சிருந்தா அந்தாளு செத்திருப்பாரு" என்றான். பிறகு அதைக் கழுவி, காலியாகவே பழைய இடத்தில் கவிழ்த்து வைத்தான். அதை வேறு யாரும் எடுக்கவில்லை.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அதுவும் இன்னொரு பழுதுப் படகு. கோபம் இருக்கிறது. நீ சொன்னதை நான் மறக்கவும் மாட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். ஆனால் இதை நீ எனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். ஊர் உன்னைத் தலையில் தூக்கி வைத்திருந்தது, பேசாமல் மேலேயே உட்கார்ந்திருக்கலாம். நீயாக இறங்கினாய். அதையும் மறக்க மாட்டேன்.

எஞ்சினுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு இங்கே கிடைக்கவில்லை. அளவை ஸாரென் தனித்தாளில் எழுதியிருக்கிறான். ரோமில் வாங்கிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வா. வேலை இருக்கிறது என்று எனக்கு எழுதாதே, இங்கேயும் வேலை இருக்கிறது. பழைய சட்டை ஒன்று எடுத்து வா. வலது கண்ணை நீதான் தீட்டுகிறாய். படகு தரையில்தான் நிற்கிறது, வாந்தி வராது.

சாப்பாட்டு மேசையில் சன்னலோரம் உன் நாற்காலி கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பாவ்லு தெரியாமல் அதில் உட்காரப் போனான். ஸாரென் அவனை எழுப்பிவிட்டான்.

விஸ்தின்